அடுத்த வருடத்துக்கு ஆறு பேர்

அண்ணியிடம் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பாள். அடுத்த வருடம் பள்ளிக்கூடம் மூடுகிற நாள் என்ன கிழமை என்று கேட்டால் யோசிக்கவே மாட்டாள். பேருந்து நிறுவனத்தில் கால அட்டவணை போடுகிற பிரிவில் அவள் மேற்பார்வையாளர். இன்று தெருவில் ஓடும் பேருந்துகளைப் பற்றி அவளுக்கு அக்கறை கிடையாது. அவற்றை எல்லாம் அவள் போன வருடமே காகிதத்தில் ஓட்டி முடித்துவிட்டாள். அவள் குடியிருப்பது எப்போதும் வரப்போகிற வருடத்தில். வீட்டில் இருந்த மற்ற நான்கு பேரும் மூச்சிரைக்க அவள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த அண்ணன் ஓடியபடியே ஜோக் அடிப்பான். எட்டு வயது இரட்டைப் பெண்கள் ஓடியபடியே சண்டை போடுவார்கள். கொஞ்சம் முன்னால் பிறந்தவள் பெரியவள், பின்னால் வந்தவள் சின்னவள். அந்தச் சின்ன இடைவெளியை வைத்துக்கொண்டு பெரியவள் செய்த அதிகாரம் சொல்லி மாளாது. கடைசியாகச் சத்தமே போடாமல் ஓடிவந்தது அண்ணனின் தங்கை. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்ததால் வீட்டில் அவளுக்கு விஞ்ஞானி என்று பெயர். ஊருக்கெல்லாம் குழாயில் வருகிற தண்ணீரைக் குடிக்கலாமா என்று அவள்தான் சொல்ல வேண்டும். அதைக்கூட வாயால் சொல்ல மாட்டாள். காகிதத்தில் எழுதித்தான் அனுப்புவாள்.

அடுத்த வருடக் கடைசியில் குடும்பத்தோடு தீம் பார்க் போய் மூன்று நாள் தங்குவது என்று அண்ணி முடிவு செய்தபோது, அதற்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது.

"அதுக்குள்ள அந்தப் பார்க்கையே இழுத்து மூடிட்டா?" என்றான் அண்ணன்.

"மூட மாட்டாங்க. பாத்துட்டேன்."

எதில் பார்த்தாள் என்று யாரும் கேட்கவில்லை. அண்ணி பார்த்துவிட்டேன் என்றால் பார்த்துவிட்டாள் என்றுதான் அர்த்தம்.

திட்டம் மட்டும் போட்டால் போதாது, ஒத்திகை பார்க்க வேண்டும் என்பது அண்ணியின் கொள்கை. புதுத் தடத்தில் பேருந்து விடுவதற்கு முன்னால் காலி வண்டியை ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது அவள் அலுவலக வழக்கம். வீட்டில் அதுவே சட்டமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்திலிருந்து சமையலறை வரை போகிற நடையில் எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும். தள்ளக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது, "இன்னும் எவ்வளவு நேரம்" என்று கேட்கக் கூடாது. தலைசுற்றலைச் சோதிக்க அண்ணனின் கடையிலிருந்து சுழல் நாற்காலி வந்தது. பெரியவளைச் சுற்றிவிட்டார்கள், இன்னும் வேகமாக என்று கத்தினாள். சின்னவளைச் சுற்றிவிட்டார்கள், அக்காவைவிட வேகமாக என்று கத்தினாள். அண்ணனைச் சுற்றிவிட்டார்கள், இறங்கி நேராகச் சுவரில் போய் முட்டிக்கொண்டு, "மன்னிக்கணும், உங்களைக் கவனிக்கல" என்று சுவரிடம் சொன்னான். விஞ்ஞானி இறங்கி நேராக நடந்து தன் இடத்தில் போய் நின்றாள்.

"பாத்தீங்களா? தலையே சுத்தலை இவளுக்கு," என்றாள் அண்ணி பெருமையாக.

"சுத்தியிருக்கும். சொல்ல வெட்கமா இருந்திருக்கும்," என்றான் அண்ணன்.

அது உண்மைதான்.

ஒரு நாள் மாலை சாப்பாட்டு மேசையில் இருக்கை ஒதுக்கீடு நடந்தது. அண்ணி வெள்ளைத் தாளில் ஒவ்வொரு ரைடையும் கட்டம் கட்டி வரைந்திருந்தாள். எல்லாமே இரண்டிரண்டு இருக்கையாகப் போயின.

"நானும் பெரியவளும் ஒரு வரிசை. அவரும் சின்னவளும் ஒரு வரிசை. மிச்சம் விஞ்ஞானி." அண்ணி பேனாவை விஞ்ஞானியின் பக்கம் நீட்டினாள். அவள் முகம் பிரகாசமாக இருந்தது. "உனக்கு ஒரு நல்ல விஷயம் கண்டுபிடிச்சு வெச்சிருக்கேன். அங்க ஒத்தை ஆளுக்குன்னு தனி வரிசையே இருக்கு. எங்கயாவது ஒரு சீட்டு காலியா இருந்தா உன்னை அதுல உக்கார வெச்சுடுவாங்க. நாங்க ரெண்டு மணி நேரம் நிக்கறப்ப நீ சட்டுனு முடிச்சிட்டு வெளிய வந்துடலாம்."

"வெளிய வந்து?" என்றாள் சின்னவள்.

"வெளிய வந்து நமக்காகக் காத்திருப்பா."

"மூணு நாளுமா?"

"எல்லா ரைடுக்கும்தான்."

அண்ணிக்கு அதில் துளியும் கெட்ட எண்ணம் இல்லை. ஒரு பயணிக்கு இரண்டு மணி நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்துவிட்ட சந்தோஷம்தான் அவளுக்கு. விஞ்ஞானிக்கும் அது தெரியும். ஆனாலும் யாரோ ஒரு குடும்பத்தின் காலி இருக்கையில் தான் போய் உட்காருவதும், தலை கலைந்து இறங்கி வருவதும், வாசலில் நிற்பதும், இப்படியே மூன்று நாட்களும் அவள் கண்முன் ஓடின. பத்து வருடங்களாகக் குடும்பப் புகைப்படங்களில் அவள் ஓரத்தில் நின்றதும் சேர்ந்து ஓடியது.

"அப்ப மொத்தம் அஞ்சு டிக்கெட்," என்றாள் அண்ணி.

"ஆறு," என்றாள் விஞ்ஞானி.

யார் பேசியது என்று அவளே ஒரு கணம் தேடினாள். மேசையில் எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வாய் வரை கொண்டுபோன ரொட்டித் துண்டை அப்படியே பிடித்திருந்தான்.

"ஆறா?" என்றாள் அண்ணி.

"ஆமா."

"யாரு ஆறாவது?"

விஞ்ஞானி தண்ணீர் குடித்தாள். குடித்து முடித்த பிறகும் டம்ளரை வாயிலிருந்து எடுக்கவில்லை.

"ஒருத்தங்க," என்றாள் டம்ளருக்குள்.

அண்ணி பேனாவைக் கீழே வைத்துவிட்டு மிக மிருதுவான குரலில் பேசினாள். "எனக்கு வேற எதுவும் தெரிய வேண்டாம்மா. உன் சொந்த விஷயம். கட்டில் கணக்குக்காகத்தான் கேக்கறேன். ஆளு ஆம்பளையா, பொம்பளையா? பொம்பளைன்னா உன் ரூம்லயே இன்னொரு கட்டில். ஆம்பளைன்னா தனி ரூம் போடணும்."

"கட்டில் கணக்குக்காகத்தான்," என்று அண்ணனும் மிருதுவாகச் சொன்னான்.

விஞ்ஞானியின் காது மடல் சிவந்தது. பொய் சொல்ல அவளுக்கு வராது. ஆய்வகத்தில் அதற்குப் பழக்கம் இல்லை.

"தனி ரூம்," என்றாள்.

பெரியவளும் சின்னவளும் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரே நேரத்தில் ஒரே சொல்லைச் சொன்னார்கள். "அய்யய்யோ!"

அந்த இரவே அவருக்கு ஆறாவது ஆள் என்று பெயர் வந்துவிட்டது.

ஆறாவது ஆளுக்கு இந்த விஷயம் எதுவும் தெரியாது.

அவர் தராசு சரிபார்ப்பவர். ஆய்வகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் நுண் தராசுகள் சரியான எடைதான் காட்டுகின்றனவா என்று பார்க்க மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருவார். வெல்வெட் விரித்த பெட்டியில் எடைக்கற்களைக் கொண்டுவருவார். எவ்வளவு சின்னக் கல்லானாலும் இடுக்கியால்தான் எடுப்பார். விரல் பட்டால் விரலில் இருக்கும் எண்ணெய் ஒட்டிக் கல்லின் எடை கூடிவிடும். கல்லைத் தட்டில் வைத்து, கண்ணாடிக் கதவை மூடி, திரையில் எண் நிலைக்கிற வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பக்கத்தில் குறிப்பெடுக்க நிற்கும் விஞ்ஞானியும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். இரண்டு வருடங்களாக அவர்கள் இருவரும் சேர்ந்து செய்தது இந்த மூச்சைப் பிடிப்பது ஒன்றுதான்.

பேச்சு என்று எடுத்துக்கொண்டால், "கதவை மூடிடலாமா?", "மூடிடலாம்." பிறகு, "இங்க ஒரு கையெழுத்து." அவ்வளவுதான். போன தடவை மட்டும் கிளம்பும்போது திரும்பிப் பார்த்து, "நான் போற இடத்துலயே உங்க தராசுதாங்க சுத்தமா இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்து விஞ்ஞானி மூன்று மாதம் ஓட்டினாள்.

ஒரு வாய் தேநீர்கூட சேர்ந்து குடிக்காத மனிதருக்கு, அடுத்த வருடக் கடைசியில், தனி அறையோடு இடம் போட்டாயிற்று.

மறுநாளிலிருந்து வீட்டில் நிம்மதி போயிற்று. காலையில் அண்ணன் முட்டை உடைத்து ஊற்றியபடி, "ஆறாவது ஆளுக்கு மஞ்சக்கரு வேகணுமா, வேண்டாமா?" என்பான். வரிசை ஒத்திகையில் விஞ்ஞானிக்குப் பக்கத்தில் ஒரு குடையை நிற்க வைத்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், இன்னும் பேசி முடிக்கல," என்று குடையிடம் சொன்னான். ஆறாவது ஆளோடு யார் உட்காருவது என்று இரட்டையர் முடியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அத்தைதான் உக்காரணும்," என்றாள் சின்னவள்.

"அத்தைக்கு வெட்கமா இருக்கும். நான் முதல்ல உக்காந்து பழக்கிக் குடுக்கறேன்," என்றாள் பெரியவள்.

அண்ணி கிண்டல் செய்யவில்லை. அதைவிட மோசம், விவரம் கேட்டாள்.

"உயரம் எவ்வளவு?"

"உயரமாத்தான் இருப்பாங்க."

"எவ்வளவு உயரம்?"

"அலமாரியோட மேல் தட்டு எட்டும்."

"தலை சுத்துமா? வாந்தி? ரத்த அழுத்தம்?"

"தெரியாது அண்ணி."

"சரி, வரிசையில நிக்கப் பொறுமை இருக்கா?"

"அது இருக்கு," என்றாள் விஞ்ஞானி. அவளுக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான் என்பதால் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. அண்ணி அவளைக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தாள்.

"அவருக்கு நாம போறது தெரியுமா?"

விஞ்ஞானி மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"அவருக்கு உன்னைத் தெரியுமா?"

"கையெழுத்து தெரியும்."

அண்ணி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று சலவைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது விஞ்ஞானி மெல்ல ஆரம்பித்தாள். "அண்ணி, அஞ்சுன்னே போட்டுடுங்களேன்."

"போடறேன். எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல." அண்ணி ஒரு போர்வையின் ஒரு முனையை அவளிடம் கொடுத்து இழுத்தாள். "ஆனா அன்னிக்கு ஆறுன்னு சொன்னது நீதானே? இந்த வீட்டுக்கு நான் வந்ததுலேருந்து நீ இது வேணும்னு கேட்டு நான் பாத்ததில்ல. கேட்ட ஒண்ணையும் நானே அடிக்கணுமா?"

"எப்படிக் கேக்கறதுன்னு தெரியல."

"உங்க அண்ணன் மட்டும் கேட்டாரா? கடைக்கு நாலு தடவை போனேன். அட்டையில எழுத்தைப் படிங்கன்னார், படிச்சேன். எல்லாம் சரியா இருக்குங்க, கண்ணாடியே வேண்டாம்னு ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பினார். அஞ்சாவது தடவை வேணும்னே தப்புத் தப்பா படிச்சேன். அப்பத்தான் என் மூஞ்சியைப் பக்கத்துல வந்து பாத்தார்."

கூடத்திலிருந்து அண்ணனின் குரல் வந்தது. "அப்ப அந்தக் கண்ணாடி தேவையே இல்லையா?"

"பத்து வருஷமா வெறும் கண்ணாடிதான் போட்டிருக்கேன். நீங்கதான் செஞ்சு குடுத்தீங்க. இது தெரியாம கடை வேற நடத்தறீங்க."

பிறகு அண்ணி குரலைத் தாழ்த்தினாள். அவள் அலுவலகத்தில் எந்த அட்டவணைக்கும் ஒரு மூடும் நாள் உண்டு. அதற்குப் பிறகு ஒரு நிறுத்தத்தைக்கூட மாற்ற முடியாது. யார் வந்து கெஞ்சினாலும் நடக்காது. வீட்டுத் திட்டத்துக்கும் அவள் ஒரு மூடும் நாள் வைத்திருந்தாள். "வர்ற வியாழக்கிழமை சாயங்காலம் நான் பதிவு பண்ணிடுவேன். அதுவரைக்கும் ஆறு. அதுக்குள்ள அவர்கிட்ட கேட்டுட்டு வா. இல்ல, அஞ்சுன்னு நீயே உன் வாயால வந்து சொல்லு. நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

வியாழக்கிழமை காலைதான் தராசு சரிபார்க்கிற நாள். அதை அண்ணியிடம் யார் சொன்னார்கள் என்று விஞ்ஞானி கடைசி வரை கண்டுபிடிக்கவில்லை. அண்ணி பார்த்துவிட்டாள், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை அவர் வழக்கம்போல வந்தார். குடையை மூலையில் சாத்தினார், கையைக் கழுவினார், பெட்டியைத் திறந்தார். முதல் கல்லை இடுக்கியால் எடுத்தார். விஞ்ஞானி குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். வழி நெடுகப் பேருந்தில் அவள் உருப்போட்டு வந்த முதல் வாக்கியம் மறந்துவிட்டது. நினைவில் இருந்தது அண்ணியின் கேள்விகள் மட்டும்தான்.

"உங்களுக்குத் தலை சுத்துமா?"

அவர் இடுக்கியைத் தாழ்த்தினார். "இப்பவா?"

"இல்ல, பொதுவா."

"சும்மா இருக்கறப்ப சுத்தாதுங்க."

"வேகமா சுத்தற எதுலயாவது உக்காந்தா?"

சோதனை அதிகாரி கேட்ட கேள்விபோல அவர் அதை நேர்மையாக யோசித்தார். "அப்படி உக்காந்ததில்ல. பஸ்லயே ஜன்னல் ஓரம் கிடைக்கலேன்னா வாந்தி வந்துடும். ஏங்க, இங்க ஏதாவது புது மெஷின் வருதா?"

"மெஷின் இல்லீங்க. அடுத்த வருஷக் கடைசில நாங்க குடும்பமா தீம் பார்க் போறோம்."

"நல்லது," என்றார். கல்லைத் தட்டில் வைத்தார். "கதவை மூடிடலாமா?"

"மூடிடலாம்."

மூடினார். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பேச முடியாது என்பது விஞ்ஞானிக்கு அன்றுதான் பெரிய குறையாகத் தெரிந்தது. மூச்சை விட்டாள்.

"ஆறு பேர் போறோம்."

"நல்லதுங்க."

"எங்க வீட்டுல அஞ்சு பேர்தான்."

அவர் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். எண் நிற்கவில்லை, மேலும் கீழும் அலைந்தது.

"மேசைல கை வெச்சிருக்கீங்க," என்றார் மெதுவாக. "நடுக்கம் தராசுக்குத் தெரியும்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். எண் அப்போதும் அலைந்தது. அவர் குனிந்து பார்த்தார். மேசை மேல் அவருடைய கையும் இருந்தது. அவசரமாக எடுத்துக்கொண்டார்.

இப்போது எண் நின்றது. யாரும் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

"ஆறாவது ஆள் நீங்க," என்றாள் விஞ்ஞானி. "எத்தனை பேர்னு கேட்டாங்க. ஆறுன்னு சொல்லிட்டேன். யோசிச்சுச் சொல்லல. உங்ககிட்ட கேக்காம சொன்னது தப்புதான். இன்னிக்குச் சாயங்காலம் பதிவு பண்றாங்க. வேண்டாம்னா சொல்லுங்க, மாத்திடறேன். ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

கடைசி வாக்கியம் பொய். அவள் ஆய்வக வாழ்க்கையில் சொன்ன முதல் பொய் அது.

அவர் கண்ணாடிக் கதவைத் திறந்தார். கல்லை எடுத்தார். கையில் வைத்துக்கொண்டே சன்னல் பக்கம் பார்த்தார். கல்லை இடுக்கியால் எடுக்கவில்லை, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் எடுத்துவிட்டார் என்பதை இருவரும் ஒரே சமயத்தில் கவனித்தார்கள்.

"போச்சு," என்றார். "இதை இனிமே எடை சரிபாக்கத் திருப்பி அனுப்பணும்."

"என்னாலதான்."

"இல்லீங்க. என் கைதான்." அவர் கல்லைத் துணியில் தனியாக வைத்தார். காது வரை சிவந்திருந்தார். உயரமானவர் என்பதால் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. "ஆறுன்னு எப்ப சொன்னீங்க?"

"மூணு வாரம் ஆச்சு."

"அதுக்கப்புறம் மாத்தல?"

"மாத்தல."

"நான் எதுலயும் ஏற மாட்டேங்க. முன்னாடியே சொல்லிடறேன். ஏறினா உங்க குடும்பத்துக்கு முன்னாடி மானம் போயிடும்."

"சரி."

"ஆனா வர்றேன்." அதைச் சொல்லிவிட்டு, செய்த வேலையைச் சரிபார்க்கிறவரைப்போல மறுபடியும் சொன்னார். "வர்றேங்க." பிறகு அடுத்த கல்லை எடுக்க இடுக்கியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. "ஒண்ணு கேக்கலாமா? முகம் தெரியாத ஒரு குடும்பத்தோட மூணு நாள் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை அவங்களைப் பாக்கறது நல்லது இல்லையா? அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்கணுமா?"

"வேண்டாம்," என்றாள் விஞ்ஞானி, கேட்டு முடிப்பதற்குள்.

அன்று ஒரு தராசைச் சரிபார்க்க இரண்டு தராசுக்கான நேரம் ஆயிற்று. மேலாளர் வந்து எட்டிப் பார்த்து, "ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். "எண் நிக்க மாட்டேங்குது சார்," என்றார் தராசுக்காரர். அதில் ஒன்றும் பொய் இல்லை.

சாயங்காலம் விஞ்ஞானி வீட்டுக்கு வந்தபோது நான்கு பேரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவளுக்காகக் காத்திருப்பதுபோலக் காட்டிக்கொள்ளவில்லை. அண்ணன் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தான்.

"ஆறுன்னே போடுங்க அண்ணி."

மேசை அதிர்ந்தது. இரட்டையர் நாற்காலியில் ஏறிக் குதித்தார்கள். அண்ணன் செய்தித்தாளை மடித்து, "பெரிய கண்டுபிடிப்பு விஞ்ஞானி," என்றான். அண்ணி மட்டும் பேனாவைக் கையில் எடுத்தாள்.

"தலை சுத்துமா, கேட்டியா?"

"சுத்தும். பஸ்லயே ஜன்னல் ஓரம் வேணுமாம். எதுலயும் ஏற மாட்டாராம்."

அண்ணியின் பேனா நின்றது. கட்டம் கட்டிய தாளை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தாள். "எதுலயுமேவா? அப்ப உன் பக்கத்து சீட்டு?" அவள் குரலில் உண்மையான வேதனை இருந்தது. "மறுபடியும் நீ ஒத்தை ஆள் வரிசைலதானே போகணும்?"

"போறேன். வேகமா போகும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். வெளிய வந்து தனியா நிக்கணுமேன்னு அப்ப எனக்குத் தோணல." அண்ணி தாளைப் பார்த்தபடியே சொன்னாள். "நீ ஆறுன்னு சொன்ன பிறகுதான் தோணிச்சு."

விஞ்ஞானி மேசையைச் சுற்றி வந்து அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இனிமே தனியா நிக்க மாட்டாங்க," என்று பெரியவள் விளக்கினாள். "அவர்தான் எதுலயும் ஏறலையே. வெளியதானே நிப்பாரு."

"எப்ப பாக்கலாம் அவரை?" என்று குதித்தாள் சின்னவள். "அடுத்த வருஷம்தானா?"

"இல்ல. சனிக்கிழமை வர்றாங்க."

"எந்தச் சனிக்கிழமை?" என்றாள் அண்ணி.

"இந்தச் சனிக்கிழமை."

அண்ணி எழுந்து நின்றுவிட்டாள். "நாளைக்கு மறுநாளா? ரெண்டு நாள்ல என்னத்தை ஏற்பாடு பண்றது? யாராவது இப்படித் திடுதிப்புனு ஒரு ஆளைக் கூப்பிடுவாங்களா? எத்தனை மணிக்கு? எந்த வழியா வர்றார்? பஸ்ல வந்தா ஜன்னல் ஓரம் கிடைக்குமா?"

"நடந்து வருவாங்களாம்."

"மழை பெய்ஞ்சா?"

"குடை இருக்கு அண்ணி."

"பழைய ஆறாவது ஆளை என்ன பண்றது?" என்று அண்ணன் மூலையில் இருந்த தன் குடையைக் கவலையோடு பார்த்தான்.

"நீங்க சும்மா இருங்க. வந்ததும் முதல்ல என்ன? தேநீரா, பேச்சா? பேச்சுன்னா யார் ஆரம்பிக்கறது? இதுங்க ரெண்டையும் எப்ப உள்ள அனுப்பறது, எப்ப வெளிய விடறது? நாளைக்கு ஒரு ஒத்திகையாவது பாத்துடணும்."

"ஒத்திகை வேண்டாம் அண்ணி," என்றாள் விஞ்ஞானி. அந்த வீட்டில் யாரும் அதுவரை சொல்லாதது அது. இரட்டையர்கூட வாயை மூடிக்கொண்டார்கள். "திட்டம் எதுவும் வேண்டாம். வந்து உக்காரட்டும். அப்புறம் என்ன நடக்குதோ நடக்கட்டும்."

அட்டவணையே இல்லாமல் ஊர் முழுக்கப் பேருந்து விடச் சொன்னதுபோல அண்ணி அவளைப் பார்த்தாள். பிறகு, பெரிய மனது பண்ணி, தாளைப் பின்பக்கம் திருப்பி வைத்தாள். பேனாவையும் மூடினாள்.

"சரி," என்றாள். "உக்காரட்டும்."

எல்லாரும் மூச்சு விட்டார்கள்.

"எந்த நாற்காலில?" என்றாள் அண்ணி.